கைரேகை பொருந்தவில்லை

மூன்றாவது முறையும் கட்டைவிரலை அழுத்தினேன்.
பொருந்தவில்லை என்றது கருவி.
அடுத்த விரல் என்றார் ரேஷன் கடைக்காரர்,
அதற்கும் அடுத்தது,
பிறகு இடக்கை.
பத்து விரலிலும் நான் இல்லை.
வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
அரிசி இல்லாத பையை
நாலாய் மடித்துக்கொண்டு வந்தேன்.

கோபாலபுரம் சோதனைச் சாவடியில்
கோழி வண்டிகளின் சக்கரத்துக்கு
மருந்து அடிப்பது என் வேலை.
அந்தப் பக்கம் பறவைக்குக் காய்ச்சல் என்றால்
இந்தப் பக்கம் என் கைக்கு வேலை கூடும்.
கையுறை தந்தார்கள்,
புரட்டாசியில், ஒரே ஒரு ஜோடி.
மார்கழி பிறந்ததும்
பாலக்காட்டுக் கணவாயைப் பார்த்து ஓடுகிற காற்று
போகிறபோக்கில்
உதட்டில் ஒரு கீறல், குதிகாலில் நாலு
போட்டுவிட்டுப் போகும்.
உள்ளங்கை பட்டால்
சேலையில் நூல் இழுக்கும்.

கடையில் டப்பா நூற்றெண்பது ரூபாய்.
மூடியில் பனிமலை,
மலைமேல் ஒரு பெண்.
அவள் எந்த லாரிக்கும் மருந்து அடித்திருக்க மாட்டாள்.

ரம்லத்துதான் சொன்னாள்,
ரோட்டுக்கு அந்தப் பக்கம்
இதே வேலை, இதே கை அவளுக்கும்.
'வெளிச்செண்ண நாலு ஸ்பூன், தேன்மெழுகு ஒண்ணு.'
தேங்காயெண்ணெய்க்கு அவள் பாஷையில் அதுதான் பேர்.
எனக்கு எப்போதும்
வெளிச்சத்தைச் செக்கிலிட்டு ஆட்டியதுபோலக் கேட்கும்.

மெழுகு தந்தவர் சகாயராஜ்,
கொழிஞ்சாம்பாறைத் தோப்பில் தேன்பெட்டி வைத்திருப்பவர்.
காசு வாங்கவில்லை.
செத்த தேனீ ஒன்று
றெக்கையோடு அதில் ஒட்டியிருந்தது.

எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாய் உறைந்துகிடந்தது.
அரைமணி நேரம் வெயிலில் வைத்தேன்,
அசைந்து கொடுத்தது.
சட்டியில் தண்ணீர், தண்ணீர்மேல் கிண்ணம்,
கிண்ணத்தில் துருவிய மெழுகு.
சோற்றுக்கற்றாழையை வெட்டி
மஞ்சள் நீர் வடியச் சாய்த்துவைத்து
உள்ளிருந்ததைக் கரண்டியால் வழித்தேன்,
நுங்கு வழிப்பதுபோல.

அவசரம் எனக்கு.
கொதிக்கிற எண்ணெயில்
குளிர்ந்த கற்றாழையைக் கொட்டினேன்.
கட்டி ஒரு பக்கம், நீர் ஒரு பக்கம்.
போனில் ரம்லத் சிரித்தாள்:
'ரெண்டுக்கும் ஒரே சூடு வேணும்டீ.
வெரல வெச்சா வித்தியாசம் தெரியக் கூடாது.'
என் விரலுக்கு
எந்த வித்தியாசம்தான் தெரிகிறது
என்று போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் மணிக்கட்டின் உட்புறத்தில் தொட்டுப் பார்த்தேன்,
கைக்குழந்தைக்குப் பால் சூடு பார்க்கிற இடம்.
அங்கே இன்னும் தோல் இருந்தது.
துளித்துளியாய் விட்டு
முள்கரண்டியால் அடித்துக்கொண்டே இருந்தேன்.
தோள் கடுத்து, போதும் என்று நினைத்த நேரத்தில்
கிண்ணம் சட்டென வெளுத்தது.

மகன் இன்பரசு
நெய் என்று தோசைமேல் தடவி
பாதி தின்றபிறகு சொன்னான்,
'ஒரு வாசமும் இல்லீங்கம்மா.'

மாத்திரை டப்பாவில் பாதியை அடைத்து
தடுப்புக் கம்பிக்கு மேலே நீட்டினேன்.
ரம்லத் முகர்ந்தாள்.
மெழுகு கூடிப்போச்சு என்றாள்.
குறை சொல்லிக்கொண்டே
முழங்கை வரைக்கும் தடவிக்கொண்டாள்.
பின்னால் முட்டை லாரி ஒன்று
ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது.

கற்றாழை போட்டது ஒரு வாரம் தாங்கும்.
அப்புறம் புளித்த வாடை.
நல்லநாளைக்கு என்று எடுத்துவைக்க முடியாது.
தூங்கும்முன் தடவி,
பால் கவரைக் கழுவிக் கையில் மாட்டி
ரப்பர் போட்டுக்கொண்டு படுத்தேன்.
புரளும்போதெல்லாம் சரசரத்தது.

தை பிறந்து ஐந்தாம் நாள்
அதே கடை, அதே கருவி.
பொருந்தவில்லை.
'எண்ணெய்ங்கக்கா, தொடச்சிட்டு வைங்க.'

முந்தானையில் துடைத்தேன்.
நூல் இழுக்கவில்லை.
இன்னொரு தரம் துடைத்தேன்,
மெதுவாக, மேலிருந்து கீழே.
துணி வழுக்கிக்கொண்டு போயிற்று.
அதையே பார்த்துக்கொண்டு நின்றதில்
விரல் வைக்க மறந்துபோனது.

பின்னாலிருந்தவர்
'அம்மணி, கொஞ்சம் சுருக்கா' என்றார்.