ஒரு கோதுமை மணி அகலம்

வலைக்குப் பின்னால் கண்ணாடிக் கூண்டு.
மடக்கு நாற்காலி, காலுக்கு ஒரு கம்பளித் துண்டு,
ஒரு பொத்தான்.
பதினோரு குளிர்காலமாக என் இடம்.
வட்டு கோட்டை முழுசாகத் தாண்டினால் அழுத்த வேண்டும்.
விளக்கு எரியும், ஊர் எழும்.
சம்பளம் இல்லை. இடைவேளையில் காப்பி உண்டு.

பகலில் தானியக் கிடங்கில் எடை போடுகிறேன்.
லாரி மேடை ஏறும், பழைய முள் நடுங்கும்.
அது நிற்கும்வரை எழுதக் கூடாது:
எனக்குத் தெரிந்த வேதம் அவ்வளவுதான்.

செப்டம்பரில் பையன்கள் வந்து இறங்கினார்கள்,
இருபத்து மூன்று பேர், தங்களைவிடப் பெரிய பைகளோடு.
டன்ரோவன் அவர்களை வீடு வீடாகப் பங்கிட்டுக்கொண்டது.
கசாப்புக் கடை நோவாக்குகள் இருவரை எடுத்தார்கள்,
இனி விற்க இறைச்சி மிஞ்சாது என்று சிரித்தார்கள்.
அதில் ஒருவன் கோல்கீப்பர், தாரிஸ் ஒகெமாவ்,
வயது பதினேழு, ஊர் வடக்கே, பஸ்ஸில் பத்து மணிநேரம்.
அவன் முகத்தை நான் சரியாகப் பார்த்ததில்லை.
முதுகு தெரியும். எண் முப்பத்தொன்று.
முதல் பகுதியும் மூன்றாம் பகுதியும் என் பக்கம்,
நடுவில் யாரோ அந்நியன்.
நிற்க வரும்போதெல்லாம் மட்டையால்
இடது கம்பம், வலது கம்பம்,
பிறகு கண்ணாடியில் ஒரு தட்டு,
என் முழங்காலுக்கு நேராக.
எனக்கான தட்டு இல்லை. ஆனாலும் தலையசைப்பேன்.

அக்டோபரில் ஏழு தோல்வி.
நவம்பரில் பஸ்ஸின் ஹீட்டர் செத்தது. மெல்டனிலிருந்து திரும்பும் வழியெல்லாம்
ஆட்டக் கையுறையை மாட்டிக்கொண்டே தூங்கினார்களாம்.
டிசம்பரில் ஓர் இரவு அறுபத்திரண்டு அடிகளைத் தடுத்தான்,
ஒன்று நுழைந்தது, தோற்றோம்.
அந்த ஒன்றுக்கு விளக்குப் போட்டது நான்.
அவன் திரும்பவில்லை.
தண்ணீர்ப் புட்டியை எடுத்தான்,
குடிக்காமல் வைத்தான்.

ஜனவரி பத்து, ஆள் மாற்றிக்கொள்ளக் கடைசி நாள்.
மாலை நாலு மணிக்கு அவனை மெல்டனுக்குக் கொடுத்தார்கள்.
பதிலுக்கு ஒரு தடுப்பாட்டக்காரன்,
கூடவே இன்னொருவன், பெயர் பிறகு பேசிக்கொள்ளலாமாம்.
மாட்டுச் சந்தையிலாவது
பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள்.
நோவாக் வீட்டம்மா அவன் துணிகளை
ஈரத்தோடு மடித்துக் கொடுத்தாள்.

பிப்ரவரி முழுக்க வேறு முதுகு.
அது எதையும் தட்டவில்லை.

மார்ச். கடைசி ஆட்டம், எங்கள் மைதானம்.
வென்றால் எட்டாம் இடம், இன்னும் இரண்டு வாரம் பனி.
எதிரே மெல்டன்.
இப்போது அவன் நடுப்பகுதிக்கு மட்டும் என்னிடம் வந்தான்.
இடம். வலம். கண்ணாடி.

ஹாலுஷ்காவின் மகன் அடித்தான்.
காலுறைக்கு அடியில் புகுந்த வட்டு
விளிம்பில் நின்று சுழன்றது,
தாரிஸ் பின்புறமாகப் பாய்ந்து விழுந்தான்,
முகமூடி என் பக்கம்.
மீசை அரும்பாத உதடு. கன்னத்தில் ஒரு தழும்பு.
கண் என்மேல் இல்லை, வட்டின்மேல்.
அது படுத்தது.
எண்ணூறு பேர் கையைத் தூக்கியாயிற்று.
கறுப்பு விளிம்பு இன்னும் சிவப்பை மிதித்திருந்தது,
ஒரு கோதுமை மணி அகலம்.
அந்த அகலம் எனக்குத் தெரியும்.

நடுவர் சறுக்கி வந்து என்னைப் பார்த்தார்.
விரல் பொத்தான்மேல்தான் இருந்தது.
தலையை ஆட்டினேன், இல்லை.

இரண்டுக்கு ஒன்று, தோற்றோம்.
அன்று காப்பி வரவில்லை.

திங்கள் காலை முதல் லாரி ஹாலுஷ்காவுடையது.
கண்ணாடியை இறக்கவில்லை அவர்.
முள் நடுங்கியது.
நடுங்கியது.
நின்றது. எழுதினேன்.
இருபது வருஷமாகச் சீட்டை
எழுத்துக் கூட்டிப் படிக்கிற மனிதர்
அன்று பார்க்காமல் நாலாக மடித்து
சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.
அது கோபமா என்று
எனக்கு இன்னும் தெரியவில்லை.