முதலாவதா, இரண்டாவதா

வாரம் முழுக்க எனக்கு ஒரே கேள்விதான் பிழைப்பு.
இருட்டறையில், தாடையைத் தாங்கியில் வைத்தவரிடம்
வில்லையைத் தட்டி மாற்றிக் கேட்பேன்:
எது தெளிவு? முதலாவதா, இரண்டாவதா?
பாதிப் பேர், இரண்டும் ஒன்றுதானே என்பார்கள்.
மீதிப் பேர் என்மேல் கோபித்துக்கொள்வார்கள்,
அவர்கள் கண்ணை நான்தான் கெடுத்ததுபோல.

ஜூன் முதல் தேதி, ஞாயிறு.
அதே கேள்வியைப் போலந்து மொத்தமும் கேட்டுக்கொண்டது.
நாரெவ் ஆற்றோரம் எங்கள் ஊர்ப் பள்ளியில்,
ரப்பர் வாடை போகாத உடற்பயிற்சிக் கூடத்தில்,
கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே என் மேசை.
லிபோவா தெருவும் ரயில்வே குடியிருப்பும்
என் பட்டியலில்.

அன்று குழந்தைகள் தினம்.
பலூன் கட்டிய மணிக்கட்டுகள்
அப்பாக்களின் சீட்டைப் பெட்டிக்குள் தள்ளின.
ஒரு வெள்ளிக் குதிரை நூல் நழுவி
கூரையில் முட்டி நின்றுவிட்டது.
இறக்க ஏணி தேடினோம். கிடைக்கவில்லை.

பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் திமோட்டியூஷ் வந்தார்.
சீட்டின் மேல் மூலையை வெட்டித்தான் அச்சிடுகிறார்கள்,
தடவிப் பார்த்து நிமிர்த்திப் பிடிக்க.
"உங்கள் கடையில் பதில் சொல்லத் தெரியாமல் இருந்தேன்.
இங்கே தெரிகிறது" என்றார்,
மூலையைக் கட்டைவிரலால் நீவியபடி.

இரவு ஒன்பது. கதவைப் பூட்டினோம்.
ஸெனோனின் கைபேசி முதலில் ஒளிர்ந்தது:
கருத்துக்கணிப்பில் அவர் ஆள் முந்துகிறார், நூலிழையில்.
பையிலிருந்து ஒரு பெட்டி பிளம் சாக்லேட் எடுத்துப் பிரித்தார்.
அந்தப் பக்கத்து ஜனெத்தா
முத்திரை மையை மூடியால் மூடி, திறந்து, மூடினாள்.
நாங்கள் பெட்டியைக் கவிழ்த்தோம்.

எண்ணுவது என்பது அரசியல் அல்ல, முதுகுவலி.
பத்துப் பத்தாய், நூறு நூறாய்,
நாக்கில் தொட்ட விரல் காகிதச் சுவையாகும்வரை.
பதினொன்றுக்கு மேல் கைபேசி மறுபடி ஒளிர்ந்தது.
அதே நூலிழை, மறுபக்கம் சாய்ந்திருந்தது.
யாரும் பேசவில்லை.
ஜனெத்தா கை நீட்டி ஒரு சாக்லேட் எடுத்தாள்.
"எண்ணித்தான் வைத்திருக்கிறேன்" என்றார் ஸெனோன்.
"எண்ணுங்கள்" என்றாள், வாய் நிறைய.

ஒரு சீட்டு குறைந்தது.
கொடுத்தது ஆயிரத்து இருநூற்றுப் பதினெட்டு,
கையில் ஒன்று கம்மி.
மீண்டும் எண்ணினோம். மீண்டும்.
மேசைக்கு அடியில், பெட்டியின் விளிம்பில்,
ஸெனோனின் கோட்டுப் பையில்கூடத் தேடினாள் ஜனெத்தா.
அவர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார், விமான நிலையத்தில்போல.

ஒன்றரை மணிக்கு எனக்குக் கிடைத்தது.
நான்காய் மடித்த ஒரு தாளுக்குள்
நான்காய் மடித்த இன்னொரு தாள்,
நகத்தால் அழுத்திய மடிப்புகள்,
ஒரே கை மடித்தது தெரிந்தது.
வெளியே இருந்ததில் முதல் கட்டத்தில் பெருக்கல் குறி.
உள்ளே இருந்ததில் இரண்டாவதில்.

யாருடையவை என்று தேட எனக்குக் கண் கிடையாது,
சட்டப்படி.
ஆனாலும் அன்று வந்த ஜோடிகளை
ஒவ்வொன்றாய் நினைத்துப் பார்த்தேன்:
நாய்க்கயிற்றைக் கைமாற்றியவர்கள்,
ஒரே பேனாவுக்குச் சண்டை போட்டவர்கள்,
வெளியே போய் ஸ்ட்ராபெரி வாங்கியவர்கள்.
முதல் தாள் ஸெனோனிடம் போயிற்று,
இரண்டாவது ஜனெத்தாவிடம்.
கணக்கு சரி. வித்தியாசம் மாறவில்லை.

வெளியே வந்தபோது விடிந்தேவிட்டிருந்தது.
அறிக்கையைக் கதவில் ஒட்டினோம், நான்கு மூலையிலும் நாடா.
மின்கம்பத்துக் கூட்டில் செங்கால் நாரை
அலகைத் தட்டத் தொடங்கியது, எதற்கென்று தெரியாமல்.
ஸெனோனின் கார் கிளம்பவில்லை.
ஜனெத்தா தள்ளினாள், திட்டிக்கொண்டே.

மூன்று மணி நேரத் தூக்கம். பத்துக்குக் கடை.
முதல் ஆள் ரயில்வே குடியிருப்பு,
சட்டைப் பித்தான் மாறிப் போட்டிருந்தார்,
இரவு முழுக்க டிவி முன்னால் இருந்தவர் போல.
தாடையை வைத்தார். விளக்கை அணைத்தேன்.
வில்லை ஒரு தட்டு, மறு தட்டு.
முதலாவதா, இரண்டாவதா?

நெடுநேரம் பதிலே இல்லை.
மூச்சு மட்டும் கருவியின் கண்ணாடியில் படிந்து விலகியது.
பிறகு சொன்னார்:
கொஞ்சம் பொறுங்கள்,
முதலாவதை இன்னொரு முறை காட்டுங்கள்.