பதினைந்து முதல் இருபத்து நான்கு வரை

எங்கள் பதினோரு ஊரில் இந்த வருடம்
பேதியில் ஒரு குழந்தையும் போகவில்லை.
தட்டம்மைக் கட்டம் காலி.
சரியும் கோட்டை டாக்டரம்மா பேனாவால் தடவினார்,
காய்ச்சல் இறங்கிய நெற்றியைத் தடவுவதுபோல.

பிறகு பேனா
பதினைந்து முதல் இருபத்து நான்கு என்ற வரிசைக்கு வந்து
அங்கேயே நின்றது.

அது சரியவில்லை.
பைபாஸில் இரண்டு பேர், ஒரே வண்டி,
ஹெல்மெட் பெட்ரோல் டாங்க்கின் மேல்.
டயாலிசிஸ் தேதிக்கு நான்கு நாள் முந்திக்கொண்ட ஒருத்தி.
மற்றவர்களுக்கெல்லாம் ஒரே காரணம்:
வயிற்று வலி.

இந்தப் பக்கத்தில் அது
வாயைத் திறக்காமல் சொல்கிற சொல்.
போலீஸுக்கும் அதுதான், சம்பந்தி வீட்டுக்கும் அதுதான்.
என் குறியீட்டுப் புத்தகத்தில்
அதற்கு வேறு எண்.
அதைக் கண்டுபிடித்து எழுதத்தான் சம்பளம்.

ஊசூருக்கு மூன்றாம் முறை போனேன்.
வேல்மயில், பத்தொன்பது, ஷூ கம்பெனியில் பேஸ்டிங்.
ஆணியில் மாட்டிய அவன் அடையாள அட்டை
ஃபேன் காற்றில் திரும்பிக்கொண்டே இருந்தது,
ஒரு பக்கம் முகம்,
ஒரு பக்கம் விதிமுறைகள்.

கேள்வி பதினேழு: கடைசி வாரத்தில் சாப்பாடு குறைந்ததா?
"சிக்கன் கேட்டான். ஞாயித்துக்கெழம செய்யலாம்னேன்."
அதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதினேன்.

பதினெட்டைக் கேட்பதற்குள்
பேனாவைப் பார்த்துக்கொண்டே அவன் அம்மா கேட்டாள்:
"உனுக்கு இன்னா வயசும்மா?"
இருபத்து மூணு.
"அப்ப நீயும் இந்தக் கட்டத்துலதான் கீற."

ஆமாம்.
ஆயிரத்துக்கு இத்தனை என்னும் பின்னத்தில்
தொகுதியில் அவன். பகுதியில் நான்.
நடுவில் ஒரு கோடு,
ஸ்கேல் வைத்துப் போட்டது.

உள்ளே போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்தாள்.
களப்பணிக்குப் போன வீட்டில் கை நனைக்கக் கூடாது.
நனைத்தேன். முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பு.
தட்டு காலியாகும்வரை
என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
தண்ணீர் வைக்கும்போது சொன்னாள்:
"வயித்து வலிய அடிச்சிட்டு நெஜத்த எழுதிக்க.
எப்படின்னு மட்டும் என்னெக் கேக்காத."

அணைக்கட்டு பஸ் வரவில்லை.
ஃபாரத்தைப் பைக்குள் மடித்து வைத்துவிட்டு
தம்பிக்குப் போன் போட்டேன். பதினேழு வயது.
சிக்கன் வாங்கிக்கினு வரேன் என்றேன்.
இன்னிக்குப் புதன்கெழமையாச்சே என்றான்,
வீட்டுக்கு யாராவது வருகிறார்களா என்றான்.