தரை மட்டும் வேறு

பனகல் ரோட்டில் பெரியாஸ்பத்திரிக்கு எதிரே
ஷட்டர் பாதி இறக்கிய ரத்தப் பரிசோதனைக் கடை.
இரவு பதினொன்றே கால்.
டிஸ்க் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.
கறுப்புத் திரையில் ஒரு கோடு
சிமிட்டுகிறது, சிமிட்டுகிறது, அவ்வளவுதான்.

"ஃபார்மேட் மட்டும் பண்ணிராதீங்க" என்கிறாள் ஆக்னஸ்,
கையுறையைக் கழற்றாமல்.
"ஆறு வருஷத்து ரிப்போர்ட் உள்ள கெடக்கு."

வாசலில் சேடபட்டிக்காரர் ஒருவர்.
மகளின் தட்டணுக்களை எந்திரம் எண்ணி முடித்துவிட்டது,
அச்சடிக்கத்தான் வழியில்லை.
கையால் எழுதிக் கொடுத்தால்
வார்டில் வாங்க மாட்டார்களாம்.

சிடியைப் போடுகிறேன்.
அதிலிருந்து எழும் லினக்ஸ்
டவுன்ஹால் ரோட்டு லாட்ஜ் அறை மாதிரி:
கட்டில் உண்டு, விளக்கு உண்டு,
ஆணியில் சட்டையைத் தொங்கவிடலாம்.
கரண்ட் போனால்
நான் தங்கியதற்கே சாட்சி இல்லை.

தங்க வரவில்லை.
ரிப்போர்ட் கிடக்கும் பார்ட்டிஷனைத் தொடாமல்
பக்கத்துக் காலிமனையில்
புதிதாக ஒன்றை இறக்கி, மவுண்ட் செய்து,
உள்ளே போகுமுன் மூன்றைக் கூடவே இழுத்துக்கொள்கிறேன்:
டெவ், ப்ராக், சிஸ்.
திருமங்கலத்து உரக்கடையில் ஒருமுறை இதை மறந்து
கரண்ட் இழுக்காத வீட்டில்
விடியும்வரை சுவிட்சைத் தட்டிக்கொண்டிருந்தவன் நான்.

பிறகு அந்த ஒரு சொல்.
சிஎச்ரூட்.

எதுவும் நடக்கவில்லை.
அதே திரை. அதே கீபோர்டு.
ஸ்பேஸ் பாரில் அதே அயோடின் கறை.
ஒரேயொரு சாய்கோடு,
இதுவரை சிடியின் அடித்தரையைச் சுட்டியது,
இப்போது டிஸ்க்கின் அடித்தரையைச் சுட்டுகிறது.
சிடி சுற்றுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது,
உள்ளே இருப்பதற்குக் கேட்காது.
தூங்குகிறவனுக்குள் புகுந்து
அவன் கையாலேயே
அவன் கதவைத் திறந்துவைக்கிற வேலை.

கெர்னல். க்ரப். பாஸ்வேர்டு.
ஆக்னஸை அடிக்கச் சொல்லித் திரும்பி நிற்கிறேன்.
இரண்டாம் முறை தப்பாக அடிக்கிறாள், சிரிக்கிறாள்,
மறுபடி.

எக்ஸிட். ரீபூட்.
எழுந்து வருகிறது
லாட்ஜ் அறை.

சிடியை எடுக்க மறந்திருக்கிறேன்.
ட்ரே திறக்கவில்லை. முகப்பில் பொட்டளவு துளை.
ஆக்னஸ் புது ஊசி ஒன்றை உறைபிரித்து நீட்டுகிறாள்,
இருபத்தோராம் நம்பர்.
நரம்பு தேடுகிறவன்போல் குத்துகிறேன்.
துப்புகிறது.

இந்த முறை சொந்தக் காலில் எழுகிறது.
ஆறு வருஷமும் அப்படியே.
பிரிண்டர் தொண்டையைச் செருமி ஒரு தாளைத் தள்ளுகிறது.
போர்டு பேட்டரி செத்துவிட்டது போல,
தேதி: ஒன்று, ஜனவரி, இரண்டாயிரத்து ஒன்பது.
அந்த மகள் அப்போது பிறந்தேயிருக்க மாட்டாள்.

ஆக்னஸ் அதை அடித்துவிட்டு
நீல மையில் இன்றைய தேதி எழுதி
முத்திரை குத்துகிறாள்.

சேடபட்டிக்காரர் தேதியைப் பார்க்கவில்லை.
"நாப்பத்தெட்டாயிரம்" என்று வாய்விட்டு வாசிக்கிறார்.
"நேத்து முப்பத்தொண்ணு" என்கிறார் என்னிடம்,
நான்தான் ஏற்றிவிட்டதுபோல.
தாளை மடிக்காமல் பிடித்தபடி
ஒரு ஷேர் ஆட்டோ போகட்டும் என்று
ரோட்டோரம் நிற்கிறார்.