சவாரிக் கூலி

ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு எண்பது ரூபாய்.
இறங்கியவர் இடுப்பைத் துழாவினார், சட்டைப் பையைத் துழாவினார்,
பிறகு என் முகத்தைப் பார்த்தார்.
“பஸ்சுக்குத்தான் இருக்குது. பழத்த வச்சிக்க தம்பி.
டாக்டரம்மாவுக்குன்னு மரத்துலயே கண்ணு வச்சது.
வேணாம்னுட்டாங்க.”
பேத்தி பிறந்திருக்கிறாளாம், மூன்றேகால் கிலோ.
பழம் பதினெட்டாவது இருக்கும்.
சிரித்துக்கொண்டே பண்ருட்டி பஸ்ஸில் ஏறிவிட்டார்.

முதுநகர் வரை அதைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன்.
பின்சீட்டில் ஜமீன்தார் மாதிரி சாய்ந்திருந்தது.
வேகத்தடைகளில் மட்டும் கொஞ்சம் புரண்டு
சீட்டுக் கம்பியில் முள்ளை உரசிக்கொண்டது.
ரயில்வே கேட் மூடியிருந்தது.
பக்கத்தில் நின்ற பைக்காரன் மூக்கைத் தூக்கினான்:
“எந்த ஊரு பழம்ணா?”
அப்போதுதான் எனக்கும் வாசம் வந்தது.

அஞ்சுகம் தலையில் அடித்துக்கொண்டாள்.
“மூணு பேருக்கு இது எதுக்கு?
வாடகையப் பழமாத் தரப்போறியா?”
சொல்லும்போதே பழைய பேப்பரை விரித்துவிட்டாள்,
கத்தியில் நல்லெண்ணெய், கையில் நல்லெண்ணெய்,
என் கையிலும்.

மணிமொழி சுளைகளை எண்ணினாள். நூற்று முப்பத்தொன்று.
தின்றுகொண்டே எண்ணியவள் கணக்கு அது.

கிண்ணங்கள் தீர்ந்தன.
இட்லிப்பானை மூடி, டிபன் பாக்ஸ்,
தையல் மிஷின் மேலிருந்த எவர்சில்வர் டப்பாவில்
பட்டன்களைக் கொட்டிவிட்டு, அதிலும்.
எதிர்வீட்டுக்கு ஒன்று போனது.
தடைக்காலம், படகு கரையில்,
கலியமூர்த்தி ஒரு மாதமாக வலையையும் பெண்டாட்டியையும்
மாறி மாறிக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறான்.
டப்பா திரும்பியது, உள்ளே இரண்டு கைப்பிடி நெத்திலிக் கருவாடு.
மாடிக்கு ஒன்று.
இரண்டு மாத பாக்கி, அந்தப் படியில் நான் கால் வைத்து
இருபது நாள் ஆகிறது. மகளை அனுப்பினேன்.
தேங்காய்ப்பால் சோற்றோடு இறங்கி வந்தாள்.
“பாத்திமுத்து அத்தை என்ன சொன்னாங்க?”
“கொட்டையத் தூக்கிப் போட்டுடாதீங்கன்னாங்க.”
“வேற?”
“வேற ஒண்ணுமில்ல.”

போடவில்லை.
இரவு பத்தரைக்கு அடுப்பில்
பலாக்கொட்டை, கத்தரிக்காய், கலியமூர்த்தியின் கருவாடு,
கடன் சொல்லி வாங்கிய புளி.
குழம்பு கொதிக்கிற சத்தத்தில்
மூன்று பேரும் வேறு பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தோம்.

எங்கள் வீட்டில் ‘போதும்’ என்பது சண்டைச் சொல்.
வட்டிக்காரர் போனில் நான் கெஞ்சும்போது
அஞ்சுகம் சொல்வாள், போதும் வை.
அவள் அண்ணன் கதையை அவள் எடுத்தால்
நான் சொல்வேன், போதும் நிறுத்து.
இன்றைக்கு மகள் தட்டின் மேல் இரண்டு கையையும் விரித்து
மூடிக்கொண்டு சொல்கிறாள்,
“போதும்மா.”
விரல் இடுக்கைப் பார்த்து
அஞ்சுகம் இன்னும் ஒரு கரண்டி ஊற்றுகிறாள்.

நன்றி என்கிற சொல் ஆட்டோவின் முதுகில் இருக்கிறது,
‘நன்றி, மீண்டும் வருக.’
பெயின்ட் அடித்தவன் இலவசமாக எழுதித் தந்தது.
வாயால் யாருக்கும் சொன்ன நினைவில்லை.
அந்த மனிதருக்கும் சொல்லவில்லை.
எண்பது ரூபாய் போச்சே என்று
அவர் பேரைக்கூடக் கேட்கவில்லை.

மிச்சக் கொட்டைகள் ஃபேனுக்கு அடியில் காய்கின்றன.
சக்கைகளைப் பசு தின்றுவிட்டது, யார் வீட்டுப் பசுவோ.
மாடிப்படியில் இன்று காலை ஏறினேன்.
பணத்தோடு இல்லை. கிண்ணத்தைக் கொடுக்க.
அதில் கொஞ்சம் குழம்பு.

எத்தனை எண்ணெய் போட்டுத் தேய்த்தும்
விரலில் பால் போகவில்லை,
ஆக்சிலேட்டர் கையை விடமாட்டேன் என்கிறது.
கெடிலம் பாலத்தில் முதல் சவாரி.
ஏறி உட்கார்ந்த அம்மா இரண்டு முறை மூச்சிழுத்துவிட்டுக் கேட்டாள்:
“பழம் கிழம் விக்கிறியாப்பா?”
“இல்லம்மா,” என்றேன்,
“நேத்து ஒருத்தர் ஏறினாரு.”