நாற்பத்தோராம் குழி

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியின் பின்கட்டு.
ஏசி ஓடாத சித்திரைப் பகல்.
தொண்ணூற்றாறு குழி கொண்ட பிளாஸ்டிக் தட்டில்
மஞ்சள் ஏறுவதைப் பார்த்தபடி நிற்கிறேன்.
சில குழிகளில் எலுமிச்சைத் தண்ணீர்.
சிலவற்றில் ஒன்றுமே இல்லை.
நாற்பத்தொன்றில் மட்டும்
யாரோ மஞ்சளை அரைத்தே ஊற்றியது போல.

நாற்பத்தொன்று என்றால்
மேலப்பாளையம் செய்தூன் பீவி.
வயது ஐம்பத்திரண்டு. பீடி இருபத்தெட்டு வருஷம்.
இழுத்ததில்லை,
சுற்றியது.

நான் தேடும் புரதத்துக்கும் முறையான பெயர் கிடையாது.
மூன்று எழுத்து, பின்னால் எடை:
ஒய்கேஎல் நாற்பது.
அதன் தாயாதிகள் கைட்டினை வெட்டுகிறவர்கள்.
கூனியின் ஓடு, கரப்பான் இறகு,
ஐப்பசிச் சுவரில் பூக்கும் பூஞ்சையின் தோல்
எல்லாம் அவர்கள் வாயில் அரைபடும்.
இது மட்டும் எந்தத் தலைமுறையிலோ
கூரைத் தொலைத்துவிட்டது.
வெட்டுகிற இடத்தில் ஓர் எழுத்து மாறிப்போனதாம்,
அவ்வளவுதான்.
பிடிக்கத் தெரியும். வெட்டத் தெரியாது.

மூச்சுக்குழல் சுவர் தடிக்கும் இடத்தில்,
மூட்டு வீங்கும் இடத்தில்,
ஈரல் நாராகும் இடத்தில்,
எங்கே நெருப்பு அணையாமல் கனிகிறதோ
அங்கெல்லாம் வருகைப்பதிவில் அதன் பெயர்.
மூட்டியது அதுதானா,
குடத்தோடு அணைக்க வந்ததா,
வேடிக்கை பார்க்க வந்து மாட்டிக்கொண்டதா,
நான் படித்த கட்டுரைகள் ஒரே வாயால் பேசவில்லை.
செல்லிடம் சாகாதே என்கிறதாம்.
தழும்பிடம் வளர் என்கிறதாம்.

நம் எலும்பில், தோலில், நகத்தில்
ஒரு துணுக்குக் கைட்டின் கிடையாது.
இல்லாத ஓட்டைப் பிடிக்க
ஏன் இத்தனை கை?

இரண்டாவது ரத்தத்துக்குப் போனேன்,
பாளையங்கால்வாய்ப் பாலம் தாண்டி மூன்றாவது சந்து.
மடியில் முறம். ஈர இலை வாடை, தூள் நெடி.
அவள் மூச்சில்
குக்கர் அடங்கும்போது வருமே, அந்த மெல்லிய விசில்.

"என்ன சொல்லுது என் ரத்தம்?"

அவள் கத்திரியையே காட்டிச் சொன்னேன்.
"உங்களுக்குள்ள இது மாதிரி ஒண்ணு இருக்கு லாத்தா.
ஆனா வெட்டாது.
சும்மா பிடிச்சுக்கிட்டே கெடக்கும்."

சிரித்தாள்.
இருமல் வந்து சிரிப்பைத் தூக்கிக்கொண்டு போயிற்று.
திரும்பி வந்தவள் கட்டைவிரலை நீட்டினாள்.
கத்திரி வளையம் உட்காரும் இடத்தில்
புளியங்கொட்டை அளவு காய்ப்பு.

"வெட்டுத கத்திரி இப்பிடிச் செய்யாது, பாத்துக்கிடுங்க.
மொண்ணைக் கத்திரிதான் செய்யும்.
இலையக் கடிக்காது,
கையத்தான் கடிக்கும்.
சாணைக்காரன் வந்தே நாலு மாசமாச்சு."

என் படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
வயது. எடை. புகைப்பழக்கம்: இல்லை.

ஊசி ஏறும்போதும் மறு கை
முறத்தில் தூளைக் கிளறிக்கொண்டிருந்தது.
"இன்னைக்கு இன்னும் முந்நூறு கெடக்கு,
வெரசா எடுங்க."
குழலில் சிவப்பு ஏறியது.
ஸ்டிக்கர் ஒட்டினேன்,
நாற்பத்தொன்று, இரண்டாம் முறை.

வாசலில் செருப்பு மாட்டும்போது
உள்ளிருந்து கத்திரிச் சத்தம்.
கச்,
கச்.
ஓர் இலைக்கு
இரண்டு தடவை.