ஆறாம் பத்தி

எர்ணாவூரில் அன்று காற்று வடக்கிலிருந்து.
பால்வாடிச் சுவரில் வண்ணம் உரிந்த யானை,
அதன் தும்பிக்கைக்குக் கீழே எங்கள் மேசை.
ஊதிப் பார்க்கும் கருவி, அட்டைக்குழல் ஒரு பெட்டி,
ஒப்புதல் படிவம் நூற்றைம்பது நகல்.
லிவிங்ஸ்டன் எடை பார்த்தான். நஸ்ரின் உயரம்.
வாசித்துக் காட்டுவது என் வேலை.

நல்ல தமிழில்தான் எழுதியிருந்தோம்.
நெறிமுறைக் குழு மூன்று முறை திருப்பி அனுப்பி
நான்காவது முறை முத்திரை குத்திய தமிழ்.
'பங்கேற்பாளராகிய தாங்கள்' என்று தொடங்கும்.
முப்பத்தேழாவது பங்கேற்பாளராகிய தேசம்மாள்
நண்டுக் கூடையை வாசலில் இறக்கிவிட்டு
நின்றபடியே கேட்டாள்.

நான்காம் பத்தி:
எப்போது வேண்டுமானாலும், காரணம் கூறாமல்,
தாங்கள் விலகிக்கொள்ளலாம்.
"எதுலேர்ந்து?"
இந்த ஆய்விலேர்ந்தும்மா.
"ஓ. நான் சாம்பல்லேர்ந்துன்னு நெனச்சேன்."
ஜன்னல் கட்டையில் ஒரு கோடு இழுத்து
விரலை என்னிடம் நீட்டினாள்.

ஆறாம் பத்தி:
இதனால் தங்களுக்கு நேரடிப் பலன் எதுவும் இல்லை.
சிரித்தாள். சிரிப்பு இருமலானது.
இருமல் அடங்க யானையைப் பிடித்துக்கொண்டாள்.
"ஓட்டு கேக்க வந்தவன் ஒருத்தனாச்சும்
இத்த இவ்ளோ தெளிவா சொல்லிக்கிறானா!"

மை தொட்டு வைத்தாள்.
வைத்த கையோடு காகிதத்தை என் பக்கம் திருப்பினாள்.
"இப்ப நீ வை."
நான் எதுக்கும்மா?
"என் மூச்ச எடுத்துக்கினு போற.
அது இன்னா சொல்லுச்சின்னு
வந்து சொல்றேன்னு வை."
அதற்கென்று படிவத்தில் கட்டம் இல்லை.
பின்பக்கம் காலியாக இருந்தது.

மூன்று தடவை ஊதினாள்.
திரையில் கோடு எழுந்து, உடனே சரிந்து,
தரையோடு தரையாய்ப் போனது.
இருக்க வேண்டியதில் நாற்பத்தொரு சதவீதம்.
நான் "தேங்க்ஸ்மா" என்றேன்.
முப்பத்தெட்டு உள்ளே வந்தார்.

பஸ்ஸில் என் செல்போன் என்னை அடையாளம் காணவில்லை.
மை.

பேராசிரியர் படிவங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர்
ஒன்றில் நின்றார். "பின்னால இது யாரோட ரேகை?"
என்னுடையது சார்.
நெடுநேரம் பார்த்தார்.
முடிவுகள் தொகுத்துத்தான் வெளியிடப்படும்,
தனியாக யாருக்கும் இல்லை, அது எட்டாம் பத்தி.
"உன்ன யாரு வைக்கச் சொன்னது?"
பங்கேற்பாளர், சார்.
கோப்பை மூடினார். சரி என்றும் சொல்லவில்லை,
கூடாது என்றும் சொல்லவில்லை.
மறுநாள் என் மேசையில்
நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு ஒரு பரிந்துரைக் கடிதம்,
பெயருக்கு மட்டும் இடம் விட்டு.

தேர்வு, மழை, மறுபடி தேர்வு.
ஆறு வாரம் கழித்துத்தான் போனேன்.
கதவில் பூட்டு.
பக்கத்து வீட்டுப் பெண் தண்ணீர்க் குடத்தோடு நின்று
"இன்னா ரிப்போட்டா? எதுனா பெருசா?" என்றாள்.
ரகசியம் காத்தல் பற்றி வகுப்பில் நான்தான் கட்டுரை வாசித்தேன்.
பொய்யைப் பற்றி அதில் ஒரு வரியும் எழுதவில்லை.
"ஒண்ணுமில்லக்கா, சும்மா பாக்க வந்தேன்."
அவள் என் பையைப் பார்த்தாள்.
பிறகு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை வெளியே தள்ளிவிட்டாள்.

லாரிகள் போயின. லாரிகள் வந்தன.
சொல்ல வேண்டியதை எனக்குள் சொல்லிப் பார்த்தேன்:
உங்க நுரையீரல்.
அம்மா, உங்க நுரையீரல்.
இந்தக் காற்றிலேயே இருந்துகொண்டு
இந்த மருந்தை இழுங்கள் என்பதை
எந்தத் தமிழில் சொல்வது?

அவளைப் பார்ப்பதற்கு முன் கேட்டது.
தெருமுனையின் அந்தப் பக்கம்
விசில் ஒன்று, நிற்கிறது, விசில்,
நாற்பத்தொன்றை விடக் குறைவு,
கருவி வேண்டாம், காது போதும்.
பிறகுதான் கூடை வந்தது. பிறகு அவள்.

"வந்துட்டியா," என்றாள்.
அதற்கு மேல் பேச மூச்சில்லை.
தலையைச் சாய்த்துக் கூடையைக் காட்டினாள்.
கடிதத்தைப் பல்லில் கவ்விக்கொண்டு
இரண்டு கையாலும் பிடித்தேன்.
கனமாக இருந்தது.
உள்ளே ஏதோ இன்னும் கீறிக்கொண்டிருந்தது.